நாற்பத்தொரு படகும் ஒரு மேற்படியும்

தேவிப்பிரியா பிறந்த அன்றைக்குக் கடலில் ஒரு நெத்திலிகூடக் கிடைக்கவில்லை என்று அவளுடைய அண்ணன் அரசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அம்மா ஆதியம்மாளைக் கேட்டால் கதையே வேறு. அன்றைக்கு வந்த வஞ்சிரத்தை வைக்க இடமில்லாமல், மீனைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூடையில் வைத்தார்களாம். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பாதி தூரம் சந்தைக்குப் போன பிறகுதான், இதென்னடா மீன் அழுகிறதே என்று இறக்கிப் பார்த்தார்களாம். இரண்டில் எதை நம்புவது என்பது கேட்கிறவர்கள் பாடு. அவள் பிறந்தது 1979, ஊர் பனையடிக்குப்பம் என்ற மட்டில் இருவரும் ஒத்துப்போவார்கள்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக இறங்கினால் வருகிற குப்பம் அது. அங்கே பிறந்த பெண்களில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் தேவிப்பிரியா. மாமல்லபுரம் போய் அங்கிருந்து பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. மலைக்கோயிலுக்குக் கழுகுகள் வராமல் போனதற்கே அந்த பஸ்ஸின் ஹார்ன்தான் காரணம் என்று அதன் கண்டக்டர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மூன்று வருஷம் அந்த ஹார்னைக் கேட்டுக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் படித்தாள்.

சேர்ந்த அன்று ஆதியம்மாள் கேட்டாள்: "கம்ப்யூட்டருன்றியே, அதுக்குள்ள இன்னாடி கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. நாமதான் போடணும்."

"அதுக்கு ஒரு கூடை பத்தாதா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் தேவிப்பிரியா ஒன்றைப் பிடித்தால் நண்டு பிடித்த மாதிரி. கொடுக்கை உடைத்தாலொழிய விடமாட்டாள். படிப்பை முடித்து, 2000-ல் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்த தேசிகனின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி என்றால் இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஓடும்போது பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் வண்டி வந்துவிட்டதென்று மூட்டையைத் தூக்கிக்கொள்ளும் அளவுக்குக் கத்துகிற ஒரு பிரிண்டர். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்குப் போல்ட்டும் நட்டும் எத்தனை, எந்தப் பெட்டியில் என்று கணக்கெடுக்கும் புரோகிராம்கள் எழுதுவார்கள். தேசிகன் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர், நெற்றி நிறையத் திருமண், குரல் மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். அவர் கோபப்படுவதை இரண்டு வருஷம் கழித்துத்தான் தேவிப்பிரியா கண்டுபிடித்தாள்: கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், அவ்வளவுதான்.

2002 கார்த்திகையில் அரசு போன படகில் எஞ்சின் நின்றுபோயிற்று. இரண்டு நாள் கடலில் மிதந்தான். மூன்றாம் நாள் செய்யூர்ப் பக்கம் ஒரு கரையில் ஒதுங்கி, அங்கே வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் வழி கேட்டு, லாரி ஏறி வீட்டுக்கு வந்தான். வந்ததும் திமிங்கிலம் ஒன்று தன் படகை முதுகில் சுமந்து கரை சேர்த்தது என்று கதை விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு நாளும் ஆதியம்மாள் கடலோரத்தில் நின்றாள். உட்காரவே இல்லை. யார் கூப்பிட்டும் சோறு தின்னவில்லை. வலி தாளாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாளே தவிர, மணலில் குந்தக்கூட மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு வயர்லெஸ் செட் இருந்திருந்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் இருந்த அலைகரை அறக்கட்டளை ஓர் அறிவிப்பு விட்டது. கடற்கரைக் குப்பங்களில் படகுக்கு ஒரு வயர்லெஸ் செட் தருவார்கள். ஆனால் ஊரில் எத்தனை படகு, எந்தப் படகு யாருடையது என்று பட்டியல் வேண்டும். அதுவும் கம்ப்யூட்டர் வழியாக வேண்டும். மாமல்லபுரத்தில் இருக்கும் அவர்களுடைய சின்ன ஆபீசில் விவரத்தைப் போட்டு, செங்கல்பட்டில் இருக்கும் பெரிய ஆபீசில் எடுத்துப் படிக்க ஒரு புரோகிராம் எழுதித்தரச் சொல்லி தேசிகனிடம் வந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தேவிப்பிரியா எழுந்துவிட்டாள்.

"சார், அத நான் எழுதறேன்."

"நான் இன்னும் என்னன்னே சொல்லலையேம்மா."

"படகுன்னு காதுல வுழுந்துச்சு சார். போதும்."

வேலை இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு படகையும் ஒரு பொருளாகப் படைக்கலாம்: அதற்குப் பெயர் உண்டு, நீளம் உண்டு, எஞ்சின் உண்டு. சொந்தக்காரரையும் அதேபோல் ஒரு பொருளாகப் படைத்து, இந்த ஆளுக்கு இந்தப் படகு என்று உள்ளுக்குள்ளேயே கைகோத்துவிடலாம். எல்லாம் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான். கரண்ட் போனால் படகும் இல்லை, ஆளும் இல்லை. ஆகையால் அந்தப் பொருள்களைப் பிரித்து வெறும் எழுத்தாக எழுதி, எது பெயர் எது நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அடைப்புக்குறியில் அடையாளம் போட்டு, பிளாப்பியில் ஏற்றி அனுப்ப வேண்டும். செங்கல்பட்டில் இருக்கும் புரோகிராம் அந்த எழுத்தைப் படித்து, அதே படகையும் அதே ஆளையும் மறுபடி உயிரோடு எழுப்ப வேண்டும்.

இதை அவள் தன் அப்பா தாண்டவராயனுக்குச் சொன்ன விதம் வேறு. பைபர் படகில் பங்கு இருந்தாலும், தனக்கென்று ஒரு கட்டுமரத்தை அவர் விடாமல் வைத்திருந்தார்.

"கட்டுமரம் கரைக்கு வந்துச்சின்னா இன்னா பண்ணுவ நைனா?"

"கயித்த அவுத்து, கட்டய தனித்தனியா காயப் போடுவேன்."

"காலையில?"

"எது நடுக்கட்டை, எது ஓரக்கட்டைன்னு பார்த்து மறுபடியும் கட்டுவேன்."

"அதான் என் வேல."

தாண்டவராயன் பீடியை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். "இதுக்காடி மூணு வருசம் பஸ்ல போன? எங்கிட்ட கேட்டிருந்தா அரை நாள்ல சொல்லிக் குடுத்திருப்பேன்."

முதல் நாளே கம்ப்யூட்டர் அவளுக்குக் கைவரிசையைக் காட்டியது. படகை எழுது என்றாள். அது படகை எழுதிற்று. படகுக்குள் சொந்தக்காரர் இருந்தார், அவரை எழுதிற்று. அவருக்குள் படகு இருந்தது, அதை எழுதிற்று. அதற்குள் சொந்தக்காரர். இப்படியே தாண்டவராயனும் படகும் மாறி மாறி வந்து, பிளாப்பி நிரம்பி, மெஷின் மூச்சடைத்து நின்றது. தேசிகன் எட்டிப் பார்த்தார்.

"உங்க அப்பா பேரை இத்தனை தடவை எழுதினதுக்கு பகவான் நாமத்தையாவது எழுதியிருந்தா மோட்சம் கிடைச்சிருக்கும்."

படகுக்குள்ளிருந்து ஆளை எடுத்துவிட்டு, ஆளுக்குள் மட்டும் படகை வைத்தாள். சுழல் நின்றது. சோதித்துப் பார்க்க, தொழிற்சாலைக்கு எழுதின பழைய பட்டியலைப் போல ஒரு ஆளுக்கு ஒரு படகு என்று ஐந்தாறு போட்டாள். போன படகெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. மாமல்லபுரத்தில் உட்கார்ந்து குப்பத்துப் பெயர்களை எல்லாம் அடித்து, பிளாப்பியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அறக்கட்டளைச் செயலாளர் தாமோதரன் ஜீப்பில் குப்பத்துக்கு வந்து இறங்கினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவிப்பிரியா வீட்டில்தான் இருந்தாள். ஜீப் சத்தம் கேட்டு எல்லோரும், ஊரார் வலை பின்னுகிற வலைக்கூடத்துக்குப் போனார்கள். தாமோதரன் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கரையில எண்ணிட்டு வந்தேன். நாற்பத்தொரு படகு. நீங்க எழுதிக் கொடுத்திருக்கிறது நூற்றுப் பதினெட்டு. மிச்சம் எழுபத்தேழும் எங்கய்யா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அரசுதான் வாயைத் திறந்தான். "சார், எங்க கையில எழுபத்தேழு படகு எக்ஸ்ட்ரா இருந்தா, நாங்க ஏன் சார் உங்க ஜீப்பு முன்னால வேகாத வெயில்ல நின்னுகினு கீறோம்? நாங்களே ஒரு அறக்கட்டளை வெச்சிருப்போமே."

சிரிப்பு கிளம்பியது. தாமோதரன் சிரிக்கவில்லை. "ஒரு செட்டுக்குப் பதிலா மூணு செட் வாங்கலாம்னு பார்த்திருக்கீங்க. பக்கத்துக் குப்பம் கையால எழுதி ஒழுங்காக் கொடுத்திருக்கான். இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னிக்குச் சரியான பட்டியல் வரலைன்னா, உங்களுக்கு வர வேண்டிய செட் அத்தனையும் அவங்களுக்குப் போயிடும்."

எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பனையடிக்குப்பத்தைப் பார்த்துத் திருடன் என்று நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. தேவிப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தப்பு குப்பத்துது இல்ல சார். என்னுது. நான் எழுதுன புரோகிராம்."

"நீயாம்மா? நீயும் இந்த ஊர்தானா?"

"ஆமா சார். அதனாலதான் நானே சரி பண்ணுவேன்."

அவர் போன பிறகு, பக்கத்து வீட்டு அம்சா மடியில் இருந்த வலையை உதறினாள். புருஷன் போன பிறகு அவருடைய படகுப் பங்கைத் தன் பேரில் வைத்து நடத்துகிறவள். நாக்கும் அவளுக்கு ஒரு பங்கு அதிகம். "ஏண்டி தேவி, எழுதறதுதான் எழுதற, ஒரு கப்பலயும் சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா? ஒரு தபா ஏறிப் பார்த்திருப்போம்ல."

தேவிப்பிரியாவுக்கு விஷயம் அப்போதே பிடிபட்டுவிட்டது. அரசு போகிற படகு யாருடையது? தாண்டவராயன், அரசு, சித்தப்பா எல்லப்பன் மூவருக்கும் பங்கு. கட்டுமரத்தைத் தவிர, அந்தக் கரையில் ஒற்றை ஆளுக்குச் சொந்தமான படகே கிடையாது. அது குழந்தைக்கும் தெரியும். தொழிற்சாலைப் போல்ட்டையும் பெட்டியையும் மூன்று வருஷம் எழுதி எழுதி, குப்பத்தில் பிறந்தவளுக்கே அது மறந்துவிட்டது. அவளுடைய புரோகிராம் தாண்டவராயனை எழுதும்போது ஒரு படகை எழுதியது, அரசை எழுதும்போது அதையே இன்னொரு முறை எழுதியது, எல்லப்பனுக்கு மூன்றாம் முறை. கம்ப்யூட்டருக்குள் மூன்று பேரும் ஒரே படகைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தாக மாறியபோது அந்தப் பிடி அறுந்துவிட்டது. செங்கல்பட்டில் படித்த மெஷின் கண்ட இடமெல்லாம் புதிதாக ஒரு படகு கட்டி இறக்கிற்று. நாற்பத்தொரு படகில் நூற்றுப் பதினெட்டுப் பங்கு. கணக்கு நேராக வந்து நின்றது.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா? கன்னியம்மன் துணை என்ற பெயரில் மட்டும் கரையில் ஐந்து படகு இருந்தன. அவ்வளவையும் ஒரே படகாக்கிவிட்டால், நூற்றுப் பதினெட்டுக்குப் பதில் முப்பதோ என்னவோ வந்து நிற்கும்.

மறுநாள் அறக்கட்டளையின் செங்கல்பட்டு ஆபீசுக்கு ஓடினாள். அங்கே எழுத்தர் சுப்பிரமணி. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் ஒரு பொருளை இரண்டாம் முறை பெயர் சொல்லி எழுதினால் அவருக்குக் கை கூசும். அவர் எழுதிவைத்திருந்த குறிப்பு மேஜைமேல் கிடந்தது. "மேற்படி குப்பத்தார் மேற்படி படகுகளைப் பற்றிக் கொடுத்த மேற்படி பட்டியலில்" என்று போயிற்று அது. வீட்டில் அவர் சம்சாரத்தை மேற்படியாள் என்றுதான் கூப்பிடுவார் என்று ஆபீசில் பேச்சு. ஒரு தடவை பேரப்பிள்ளைகளை எண்ணச் சொன்னதற்கு, ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டு "மேற்படி, மேற்படி" என்றாராம்.

தேவிப்பிரியா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா பாக்கற? ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

"இல்ல சார். நல்லா கீது சார். ரொம்ப நல்லா கீது."

பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போய், அன்றே மாற்றி எழுதினாள். ஒரு படகு முதன்முறை வரும்போது முழுசாக எழுதும். அதே படகு அடுத்த பங்காளிக்கு வந்தால் மறுபடி எழுதாது. "மேற்படி" என்று மட்டும் போடும். படிக்கிற மெஷின் மேற்படியைக் கண்டால், அதற்கு மேலே இருக்கிற படகையே எடுத்துக்கொள்ளும். பங்காளிகளை வரிசையாக ஒருவர் கீழ் ஒருவராக அடித்தாள். எழுதினாள், படித்தாள். நாற்பத்தொரு படகு. அதில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. பிளாப்பியைச் சுப்பிரமணி கையில் கொடுத்துவிட்டு வந்தபோது, பஸ் ஹார்ன்கூட அவளுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

சுப்பிரமணி நல்லவர். அந்த நல்ல குணத்தால்தான் கெட்டது. பிளாப்பியில் இருந்த பைலைத் திறந்து பார்த்தார். அடைப்புக்குறிகளுக்கு நடுவில் பெயர்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. தாண்டவராயனுக்கு அடுத்து அரசாம், அரசுக்கு அடுத்து எல்லப்பனாம். இப்படி ஒரு பட்டியலைச் செயலாளர் மேஜைக்கு அனுப்புவதா? இரண்டு பகல் உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு பெயராக வெட்டி எடுத்து ஒட்டி, அகர வரிசைப்படி அடுக்கி முடித்தார். ஒரு குறி, ஒரு புள்ளி தவறவில்லை. மெஷின் அதைச் சிணுங்காமல் படித்தது. நாற்பத்தொன்று என்று சொன்னது. தாமோதரனுக்கும் திருப்தி. பட்டியலை ஒருமுறை ஊரில் வாசித்துக் காட்டிவிட்டு வரும்படி சுப்பிரமணியை அனுப்பினார். தேதி அன்றைக்கு இருபது, திங்கட்கிழமை.

வலைக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகவே தேவிப்பிரியா அரை நாள் லீவு போட்டிருந்தாள். சுப்பிரமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்சா. படகு, கன்னியம்மன் துணை, நீளம் இருபத்தெட்டு அடி. அரசு. மேற்படி அம்சாவின் படகில் பங்கு."

அம்சா மெதுவாக எழுந்தாள்.

"எம் படகுல உனக்கு இன்னாடா பங்கு?"

"யக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா!"

"வூட்டுக்காரு போய் வருசம் திரும்பல, அதுக்குள்ள பங்கு கேட்டு எழுதி வெச்சிருக்கியா? கம்ப்யூட்டருக்காரி தங்கச்சியா இருந்தா எது வேணா எழுதிக்குவீங்களா?"

"நான் ஏன்க்கா உன் படகுக்கு வரேன்? அதுல ஏறுனா உன் வாய்க்கே காத்தடிச்சு கவுந்துடும்."

சுப்பிரமணி நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார். எல்லப்பனுக்கு எவர் படகோ. தெற்குத் தெரு ஆள்களுக்கு வடக்குத் தெருப் படகு. தகர வரிசைக்கு வந்ததும், தாண்டவராயன் தம் படகுக்குத் தாமே ஒற்றைச் சொந்தக்காரர் என்று வந்தது. எல்லப்பன் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வலை தீய்ந்துபோகாதது ஆச்சரியம்தான். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். சத்தத்தில் அன்றைக்குக் கடல் ஒரு முழம் பின்வாங்கியது என்று அரசு பிற்பாடு சொல்வான்.

தேவிப்பிரியா சுப்பிரமணி கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அ, ஆ, இ என்று அச்சடித்த மாதிரி இறங்கியது.

"சார், இத யாரு மாத்தி அடுக்குனது?"

"நான்தாம்மா." அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "ஒழுங்கில்லாம கிடந்துதேன்னு நானே அடுக்கி வெச்சேன். தேங்க்ஸெல்லாம் வேணாம்."

தேவிப்பிரியா கூட்டத்தைப் பார்த்து, தப்பு தன்னுடையதுதான் என்றாள். அம்சா இன்னும் நிறுத்தவில்லை. ஆதியம்மாள் மகளுக்கும் அம்சாவுக்கும் நடுவில் வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றுகொண்டாள்.

"எம் பொண்ணு தப்பு பண்ணிச்சின்னு அதுவே சொல்லுது. உம் பங்க யாரும் தின்னுட மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா, நானே அந்தக் கம்ப்யூட்டர கூடையில வெச்சி வித்துட்டு வரேன். போதுமா?"

மறுநாள் தேசிகனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"ரொம்ப சிம்பிளம்மா. பழைய பிளாப்பியையே கொடு. பைலைத் தொடாதேயுங்கோன்னு சுப்பிரமணி கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"முடியாது சார்."

அவர் நிமிர்ந்தார். அந்தச் சொல்லை அந்த மாடியில் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"இன்னிக்கி அவரு கிட்ட சொல்லுவேன் சார். நாளைக்கி வேற யாராவது தொடுவாங்க. அடுக்கறது தப்பா சார்? மனுசன் அடுக்கத்தான் செய்வான். அடுக்குனா ஒடஞ்சி போற மாதிரி எழுதுனது என் தப்பு. மேலன்றது எது மேல? அவரு நகத்துனா மேல மாறிடுது. எங்க நின்னாலும் மாறாத ஒண்ணால கட்டணும்."

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வாய்தா."

"தெரியும் சார்."

தேசிகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்போ உட்கார். தொழிற்சாலை வேலையை நான் பார்த்துக்கறேன்."

படகுகளைத் தனியாக எழுதினாள், ஆட்களைத் தனியாக எழுதினாள். புரோகிராம் ஒரு படகை முதன்முறை பார்க்கும்போது அதற்கு ஓர் எண் கொடுத்துவிடும். கொடுத்தால் கொடுத்ததுதான், அதன்பின் அந்த எண் வேறு படகுக்குக் கிடையாது. ஆளுக்கு நேரே மேற்படி என்று எழுதாது. படகு பதினேழு என்று எழுதும். படிக்கிற மெஷின் முதலில் படகுகளை மட்டும் எழுப்பி, எண்ணோடு நிறுத்தி வைக்கும். பிறகுதான் ஆட்களை எழுப்பி, அவரவர் எண்ணைப் பார்த்து அந்தந்தப் படகில் ஏற்றும். செவ்வாய் முழுக்க அது போயிற்று. புதனன்று மூன்று தடவை கரண்ட் போனது. மூன்றாம் தடவை போனபோது, வரும்வரைக்கும் காகிதத்தில் பென்சிலால் புரோகிராம் எழுதினாள். அவள் எழுதிய வேகத்துக்குக் கரண்ட் பயந்துபோய்த் திரும்பி வந்தது என்பது ஜெராக்ஸ் கடைக்காரர் வாக்கு.

வியாழன் காலை குப்பத்தில் வீடு வீடாகப் போனாள். நூற்றுப் பதினெட்டுப் பங்கையும் அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியில் அம்சா வீட்டுக்குப் போனாள்.

"வா வா. இந்த தபா எனக்கு எந்த ஊர்ப் படகுடி?"

"உன்னுதுதான்க்கா. நம்பரு ஒண்ணு. கூட யாரு பங்குன்னு நீயே சொல்லு, எழுதிக்கறேன்."

அம்சா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நின்றபடியே பெயர்களைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "சாப்ட்டியா? மொகம் கருவாடாட்டம் கீது" என்று உள்ளே போய், ஒரு தட்டில் நாலு இட்லியோடு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அறக்கட்டளை ஆபீசில் தாமோதரனும் சுப்பிரமணியும் மேஜைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் தேவிப்பிரியா. அவளோடு குப்பத்திலிருந்து அரசும் எல்லப்பனும் வந்து சுவரோடு சுவராக நின்றார்கள். அவள் பிளாப்பியை எடுத்து சுப்பிரமணியிடம் நீட்டினாள்.

"கலைச்சிப் போடுங்க சார்."

"என்னது?"

"உங்க இஷ்டத்துக்கு மாத்தி அடுக்குங்க. தலைகீழா வெச்சாலும் சரி."

சுப்பிரமணி செயலாளரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? முப்பது வருஷம் பத்திரத்தில் ஒரு வரி மாற்றக்கூடாது என்று கட்டிவைத்த கை அது. கட்டவிழ்ந்த சந்தோஷத்தில், கடைசி ஆளை முதலில் வைத்தார், குட்டையான பெயர்களை நடுவில் போட்டார், ஆட்களுக்குக் கீழே படகுகளைத் தள்ளினார். முக்கால் மணி நேரம் கழித்து விரலை நெட்டி முறித்துக்கொண்டு, "ஆச்சும்மா" என்றார்.

மெஷின் படித்தது. நாற்பத்தொரு படகு.

தாமோதரன் அவளுடைய நோட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அரசு?"

"படகு பதினேழு," என்று தேவிப்பிரியா திரையைப் பார்த்துப் படித்தாள்.

"கூட?"

"தாண்டவராயன், எல்லப்பன்."

எல்லப்பன் சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். தாமோதரன் நோட்டும் திரையுமாக ஒரு பெயர் விடாமல் நூற்றுப் பதினெட்டையும் ஒப்பிட்டார். சரியாக இருந்தது. ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவர். சுப்பிரமணியை நகரச் சொல்லிவிட்டு, பைலைத் தாமே திறந்து பதினேழாம் படகை முழுசாக அழித்தார்.

"இப்ப படிக்கச் சொல்லு. உன் அண்ணனை யார் படகுல ஏத்துதுன்னு பார்ப்போம்."

மெஷின் படித்தது. யார் படகிலும் ஏற்றவில்லை. பதினேழாம் எண் படகைக் காணோம், மூன்று பேர் கரையில் நிற்கிறார்கள் என்று எழுதிக் காட்டிவிட்டு, மேலே நகரமாட்டேன் என்று நின்றது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லும் சார்," என்றாள் தேவிப்பிரியா. "கிட்டக்க இருக்கறத எடுத்து ஒப்பேத்தாது."

தாமோதரன் அழித்ததைத் திரும்ப வைத்து, அச்செடுக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு அரசு பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு எழுபத்தேழு படகு எங்கன்னு கேட்டேனே, ஊர்ல போய் நான் தப்பாப் பேசிட்டேன்னு சொன்னதாச் சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க சார்," என்றான் அரசு. "நான் சொன்னா எவன் நம்புவான்? திமிங்கிலம்னே நம்பல."

அவர் வந்தார். பதினைந்து நாள் கழித்து, ஜீப்புக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய அட்டைப்பெட்டிகளோடு வந்து, வலைக்கூடத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு சுப்பிரமணி எண்ணைக் கூப்பிட, எண்ணுக்கு ஒரு பெட்டியாகப் போயிற்று. ஒன்றுக்கு அம்சா வந்து கையெழுத்துப் போட்டாள். பதினேழுக்கு மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். நாற்பத்தொன்று போன பிறகு, வேனில் பெட்டியும் மிஞ்சவில்லை, வரிசையில் ஆளும் மிஞ்சவில்லை. கரைக்கென்று ஜீப்பில் தனியாகக் கொண்டுவந்த செட்டை வலைக்கூடத்துத் தூணில் மாட்டினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, சந்தைக்குக் கிளம்பிய ஆதியம்மாள் அந்தத் தூணுக்கு முன்னால் வந்து நின்றாள். தேவிப்பிரியா பொத்தானை அழுத்திக் கொடுத்தாள்.

"டேய் அரசு, எங்கடா கீற?"

கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி அவன் குரல் வந்தது. "கரையில இருந்து ஏழு மைலும்மா. கோயில் கோபுரம் தெரியல. சங்கரா மீனு நல்லா வுழுது. இன்னாம்மா, ஏதாவது அவசரமா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கடல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு சவுக்குத் தோப்பு வழியாகச் சாலைக்கு நடந்தாள். அறுபத்து மூன்று படகுள்ள அடுத்த குப்பத்துப் பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு, தேவிப்பிரியாவும் அவளோடு பஸ்ஸுக்குப் போனாள்.